ஒரே தொடர்வினை, பல ஸ்பானிய வினைகள்: வாசகர் கேள்வி பதில்

ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கு மொழிபெயர்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், 'ஃபிரேசல் வெர்ப்' எனப்படும் தொடர்வினைகளைப் பற்றியவை இந்த முறை எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எளிய வினையொன்றுடன் 'அப்', 'ஆஃப்', 'அவுட்' போன்ற இடைச்சொல் சேர்ந்து, பெரும்பாலும் புதிய பொருளைத் தருவது தொடர்வினை. இரு மொழிச் சொற்களும் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டுள்ளன. ஸ்பானியச் சொற்களில், உகரத்தை அடுத்து வராத இடங்களில் 'வ' என்று இருப்பது பேச்சில் மென்மையான 'ப' ஒலியாகவே கேட்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: 'டேக் ஆஃப்' என்ற ஒன்றுக்கே என் அகராதி ஒரு பத்தி நிறைய ஸ்பானியச் சொற்களைத் தருகிறது. எதை எடுப்பது என்று தெரியாமல் பெரும்பாலும் முதலில் உள்ளதையே எழுதிவிடுகிறேன். தேர்ந்தெடுக்க முறை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. அகராதியைத் திறப்பதற்கு முன்பே அந்தத் தேர்வில் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொடர்வினையின் பொருள் அந்த இரண்டு சொற்களுக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை. எழுவாய் எது, செயப்படுபொருள் இருக்கிறதா, இருந்தால் அது ஆளா பொருளா என்பவை எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே வினையைத் தனியே பிரித்தெடுத்து அகராதியில் தேடுகிறவருக்கு முன்னால் பத்துச் சொற்கள் நிற்கும். வாக்கியத்தை முழுதாக வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு முன்னால் ஒன்றோ இரண்டோதான் நிற்கும்.

செயப்படுபொருள் இல்லாத 'டேக் ஆஃப்' எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். எழுவாய் விமானமானால் 'தெஸ்பெகார்'. பறவையானால் 'அல்சார் எல் வுவேலோ'. ஒருவர் சட்டென்று கிளம்பிப் போய்விட்டார் என்றால் 'ஈர்சே' அல்லது 'மர்ச்சார்சே', நெருங்கிய பேச்சில் 'லார்கார்சே'. ஒரு தொழில் திடீரென்று வளரத் தொடங்கியது என்பதற்கு மறுபடியும் 'தெஸ்பெகார்' என்றே சொல்லலாம். ஆங்கில உருவகம் எதுவும் ஸ்பானியத்தில் நிற்காது என்ற அச்சத்தில், தேவையில்லாத இடத்திலும் விளக்கவுரை எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரு மொழிகளும் ஒரே உருவகத்தில் சந்திக்கும்போது அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

செயப்படுபொருள் வந்தவுடன் வேறு வினைகள் வந்து நிற்கின்றன. விலையில் ஒரு பகுதியைக் கழித்தால் 'தெஸ்கொந்தார்' அல்லது 'ரெபஹார்'. பிரித்தானிய வழக்கில் ஒருவரைப் போலவே நடித்துக் காட்டினால் 'இமித்தார்'. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டால் 'தொமார்சே உன் தீயா லீப்ரே'. ஆடை, காலணி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றினால் 'கித்தார்சே'. இந்தக் கடைசி வினையில் சரியான சொல்லைத் தேர்ந்த பிறகும் தவறு நேர வாய்ப்பு உண்டு. ஆங்கிலம் 'அவள் தன்னுடைய கோட்டை' என்று உடைமையைச் சொல்லியே தீரும். ஸ்பானியம் 'சே கித்தோ எல் அப்ரீகோ' என்று சொல்லி நிறுத்திவிடும். கோட்டு யாருடையது என்பதை 'சே' என்ற சிறுசொல்லே காட்டிவிடுவதால் 'தன்னுடைய' என்பதற்கு அங்கே வேலை இல்லை. அவள் குழந்தையின் கோட்டைக் கழற்றிவிட்டாள் என்றால் 'லே கித்தோ எல் அப்ரீகோ'. வினை ஒன்றுதான், மாறியது சிறுசொல் மட்டுமே. தமிழிலும் 'கோட்டைக் கழற்றினாள்' என்றாலே அவளுடைய கோட்டு என்று புரிந்துவிடுகிறது. உடைமைச்சொல்லை நாமும் அவ்வளவாகத் தேடுவதில்லை.

எழுவாய் எவ்வளவு தூரம் பொருளை மாற்றும் என்பதற்கு 'கோ ஆஃப்' இன்னும் வலுவான சான்று. அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் அது ஒலிக்கத் தொடங்குகிறது: 'சொனார்', ஸ்பெயினில் 'சல்தார்' என்றும் சொல்வார்கள். விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் அது நின்றுபோகிறது: 'அபகார்சே'. ஒரே தொடர்வினை ஓரிடத்தில் தொடக்கத்தையும் இன்னோரிடத்தில் முடிவையும் குறிக்கிறது. குண்டு என்றால் 'எஸ்தயார்', துப்பாக்கி கைதவறி வெடித்தால் 'திஸ்பரார்சே', பால் கெட்டுப்போனால் 'கொர்தார்சே', வேறு உணவு கெட்டால் 'எச்சார்சே அ பெர்தேர்', கூட்டம் நல்லபடியாக நடந்து முடிந்தால் 'சலீர் பியென்'. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். விளக்கு அணைந்தது, பால் திரிந்தது, குண்டு வெடித்தது என்று தமிழிலும் தனித்தனி வினைகளால்தான் சொல்கிறோம். அந்த இயல்பான பிரிவினையை முதலில் மனத்தில் செய்துகொண்டால், ஸ்பானிய வினையைத் தேடும் கதவு தானாகவே குறுகிவிடும்.

கேள்வி: ஒருவர் ஆற்றை நீந்திக் கடந்தார் என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'ஸ்விம் அக்ராஸ்' என்று இருந்தது. நான் 'நதோ அ த்ரவேஸ் தெல் ரீயோ' என்று எழுதினேன். ஸ்பானிய ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'க்ருஸோ எல் ரீயோ அ நாதோ' என்று திருத்தினார். என் வாக்கியத்தில் இலக்கணப் பிழை என்ன?

பதில்: இலக்கணப் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த மொழியில் வளர்ந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். இந்தக் கேள்வி தொடர்வினை மொழிபெயர்ப்பின் மையத்தையே தொடுவதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு நகர்வில் இரண்டு செய்திகள் உண்டு: எந்த வழியாக நகர்ந்தது, எப்படி நகர்ந்தது. ஆங்கிலம் 'எப்படி' என்பதை வினைக்குக் கொடுத்துவிட்டு, வழியை 'அக்ராஸ்', 'அவுட்', 'அப்' போன்ற இடைச்சொல்லிடம் ஒப்படைக்கிறது. ஸ்பானியம் வழியை வினையிலேயே வைக்கிறது: 'சலீர்' என்றால் வெளியேறுதல், 'என்த்ரார்' நுழைதல், 'சுபீர்' ஏறுதல், 'பஹார்' இறங்குதல், 'க்ருசார்' கடத்தல். எப்படி நகர்ந்தது என்ற செய்தி, தேவைப்பட்டால், பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி 1985இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வேறுபாட்டை விரிவாக வகைப்படுத்தினார். பின்னர் அவர் தந்த பட்டியலில் ஸ்பானியம் நிற்கும் பக்கத்திலேயே தமிழும் நிற்கிறது.

இந்தச் செய்தியைத் தமிழர்கள் தங்களுக்குக் கிடைத்த பெரும் வசதியாகக் கொள்ள வேண்டும் என்று நான் மனமார நம்புகிறேன். 'நீந்திக் கடந்தார்' என்னும்போது நாம் கடத்தலை முற்றுவினையாகவும் நீந்துதலை வினையெச்சமாகவும் வைக்கிறோம். உங்கள் ஆசிரியர் எழுதிய வாக்கியத்தின் அமைப்பும் அதுவே. சொற்களின் வரிசை மட்டும் தலைகீழ். அறையிலிருந்து ஓடி வெளியேறினாள் என்பது 'சலியோ கொர்ரியெந்தோ'. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தான் என்பதற்கு ஆங்கிலத்தில் 'ப்ளோ அவுட்'. இடைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் ஸ்பானியத்தில் ஒன்றும் கிடைக்காது. 'ஊதி அணைத்தான்' என்பதைப் பிடித்தால் 'அபகோ லா வேலா தே உன் சொப்லோ' வந்துவிடுகிறது. கதவை 'கிக் இன்' செய்தான் என்றால் உதைத்துத் தள்ளினான்: 'தெரிபோ லா புவெர்தா அ பதாதாஸ்'. ஆங்கில வாக்கியம் மிரட்டும்போது அதை முதலில் வினையெச்சமும் வினைமுற்றும் கொண்ட நல்ல தமிழ் வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். அந்த முற்றுவினைதான் உங்களுக்கு வேண்டிய ஸ்பானிய வினை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 'வீட்டுக்குள் ஓடினான்' என்று தமிழில் சொன்னால் வெளியிலிருந்து உள்ளே ஓடினான் என்றும் கொள்ள இடமிருக்கிறது. ஸ்பானியத்தில் 'கொர்ரியோ என் லா காசா' என்றால் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தவன் அங்கேயே ஓடினான் என்றுதான் பொருள்படும். ஒரு வாசலையோ எல்லையையோ தாண்டும் நகர்வுக்கு ஸ்பானியம் 'என்த்ரார்' போன்ற வினையைக் கட்டாயமாகக் கேட்கும். எல்லையைத் தாண்டாத நகர்வில் அந்தக் கட்டாயம் தளர்கிறது. வீடுவரை ஓடினான் என்பதை 'கொர்ரியோ அஸ்தா லா காசா' என்று தாராளமாக எழுதலாம்.

இன்னொன்று: எப்படி நகர்ந்தார் என்பதை ஒவ்வொரு முறையும் இழுத்துவர வேண்டியதில்லை. ஆங்கில நாவல்களின் ஸ்பானிய மொழிபெயர்ப்புகளை ஆராய்ந்த மொழியியலாளர் டான் ஸ்லோபின், அந்த விவரத்தை மொழிபெயர்ப்பாளர்கள் பல இடங்களில் விட்டுவிடுவதைக் கவனித்தார். அதை நான் குறையாகக் கருதவில்லை. ஒருவர் சாதாரணமாக அறையை விட்டு நடந்து வெளியேறினார் என்றால் 'சலியோ' ஒன்றே போதும், ஏனெனில் மனிதர்கள் அறையிலிருந்து நடந்துதான் வெளியேறுவார்கள். அவர் நொண்டிக்கொண்டோ பூனைநடை போட்டோ வெளியேறினார் என்றால் அந்த விவரம் கதைக்கு வேண்டியது. அதை விட்டால் ஆசிரியருக்குச் செய்யும் அநீதி. எதைக் காப்பது, எதை விடுவது என்ற தீர்ப்பை எந்த அகராதியும் உங்களுக்காக வழங்காது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மலை மேல் 'ரன் அப்' என்பதும், கடன் 'ரன் அப்' என்பதும் தோற்றத்தில் ஒன்றுதான். முதலாவதில் 'அப்' உண்மையிலேயே மேல்நோக்கிய வழியைச் சொல்வதால் மேற்கண்ட முறை பொருந்தும்: 'சுபியோ லா கொலீனா கொர்ரியெந்தோ'. இரண்டாவதில் ஓட்டமும் இல்லை, ஏற்றமும் இல்லை. கடன் சேர்கிறது, அவ்வளவே: 'அகுமுலார்'. செயப்படுபொருளுக்குப் பதிலாக 'இட்' என்று போட்டு, அதை வினைக்கும் இடைச்சொல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். கடனுக்கு அப்படி வைக்க முடியும், மலைக்கு முடியாது. அந்தச் சிறு சோதனையே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

கேள்வி: 'ஈட் அப்', 'ட்ரிங்க் அப்' போன்றவற்றில் 'அப்' எதையும் மேலே கொண்டுபோவதில்லையே. அதை ஸ்பானியத்தில் விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட்டால் ஒரு பொருள் போய்விடும். அங்கே 'அப்' என்பது செயல் மிச்சமில்லாமல் முடிந்தது என்பதைச் சொல்கிறது. ஸ்பானியத்தில் அதே வேலையைச் செய்வது 'சே'. ஆப்பிளை முழுவதும் தின்றுவிட்டான் என்றால் 'சே கொமியோ லா மன்ஸானா'. நம்முடைய 'விடு' என்ற துணைவினைக்கு இது மிக நெருங்கியது. தூங்கிவிட்டான் என்பது 'சே துர்மியோ'; போய்விட்டான் என்பது 'சே ஃபுவே'. ஆங்கிலத்தில் இவ்விடங்களில் 'ட்ராப் ஆஃப்', 'கோ அவே' என்று வெவ்வேறு இடைச்சொற்கள் தோன்றினாலும் ஸ்பானியம் ஒரே சிறுசொல்லால் சமாளித்துவிடுகிறது.

ஆனால் 'விடு' போகும் இடமெல்லாம் 'சே' போகாது. உண்ணுதல், அருந்துதல் போன்ற வினைகளில் அது வரவேண்டுமானால் செயப்படுபொருள் அளவுபட்டதாக இருக்க வேண்டும்: அந்த ஆப்பிள், இரண்டு ஆப்பிள்கள், முழு ரொட்டி. பொதுவாக ஆப்பிள்கள் தின்பான் என்ற பழக்கத்தைச் சொல்லும்போது 'சே' இல்லாமல் 'கொமே மன்ஸானாஸ்' என்றே வரும்.

இதே சிறுசொல் 'ரன் அவுட்' என்பதற்கும் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் ஆள் எழுவாய். ஸ்பானியத்திலோ தீர்ந்துபோகும் பொருளே எழுவாயாகிவிடுகிறது, ஆள் நான்காம் வேற்றுமைக்கு நகர்ந்துவிடுகிறார்: 'சே மே அகபோ லா தீந்தா', அதாவது எனக்கு மை தீர்ந்துபோயிற்று. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்' என்று பேசிப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகவே தோன்றாது. ஆளையே எழுவாயாக வைக்க விரும்பினால் 'கெதார்சே சின்' இருக்கிறது: 'மே கெதே சின் தீந்தா'. கடவுச்சீட்டின் காலம் 'ரன் அவுட்' ஆனால் இவை இரண்டும் பொருந்தா. ஸ்பெயினில் 'கதுகார்' என்றும், இலத்தீன் அமெரிக்க நாடுகளில் பெரும்பாலும் 'வென்சேர்' என்றும் எழுத வேண்டும்.

கேள்வி: 'பிக் அப்' என்பதற்கு 'கொஹேர்' என்று எழுதியதைப் பார்த்து மெக்சிகோவைச் சேர்ந்த வாடிக்கையாளர் வருத்தப்பட்டார். அகராதியில் இருக்கும் சொல்தானே?

பதில்: அகராதியில் இருப்பது உண்மை; ஸ்பெயினில் அது நாள் முழுதும் காதில் விழும் சாதாரணச் சொல் என்பதும் உண்மை. மெக்சிகோ, அர்ஜென்டினா உள்ளிட்ட பல நாடுகளில் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். கொலம்பியாவில் மறுபடியும் அது தயக்கமின்றி வழங்குகிறது. ஆகவே எந்த நாட்டு வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்பதை வேலை தொடங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது மொழிபெயர்ப்பாளரின் கடமை.

'பிக் அப்' விஷயத்தில் நல்லவேளையாக எல்லா நாடுகளிலும் தீங்கில்லாத சொற்கள் உள்ளன. நிலையத்துக்குப் போய் ஒருவரை அழைத்துவருவது 'ரெகொஹேர்'. அர்ஜென்டினாவிலும் சிலியிலும் 'பசார் அ புஸ்கார்' இன்னும் இயல்பாக ஒலிக்கும். தரையிலிருந்து எடுப்பது 'லெவந்தார்' அல்லது 'ரெகொஹேர்', மொழியைக் கேட்டுப் பழகிக் கற்பது 'அப்ரெந்தேர்', வானொலி அலையைப் பெறுவது 'கப்தார்', வியாபாரம் சீராவது 'மெஹொரார்', தொலைபேசியை எடுப்பது 'கொந்தெஸ்தார்'.

நாட்டுக்கு நாடு மாறும் இன்னொரு தொடர்வினை 'ப்ரேக் டவுன்'. வண்டி வழியில் நின்றுபோனால் ஸ்பெயினில் 'அவெரியார்சே', மெக்சிகோவில் 'தெஸ்கொம்பொனேர்சே', கொலம்பியாவில் 'வரார்சே', சிலியில் 'கெதார் என் பானா'. ஆனால் கணக்கை இனவாரியாகப் பிரித்துக் காட்டும் 'ப்ரேக் டவுன்' எங்கும் 'தெஸ்க்ளொசார்' தான். ஒருவர் உடைந்து அழுதால் எங்கும் 'ரொம்பேர் அ யொரார்' என்று எழுதலாம். வண்டி, உடை, உணவு, அன்றாடக் கருவிகள் ஆகியவற்றின் பெயர்களும் அவற்றோடு ஒட்டிய வினைகளும் நாட்டுக்கு நாடு பிரிகின்றன. அலுவலக எழுத்தின் வினைகள் அவ்வளவு பிரிவதில்லை. ஐயம் எழும்போது ஸ்பானிய அரச கழகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் 21ஆம் நூற்றாண்டுச் சொற்றொகுதியில் தேடுங்கள். 'கோர்பெஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதில் 2001 முதலான எழுத்தும் பேச்சும் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரு சொல் எந்த நாட்டில் எவ்வளவு வழங்குகிறது என்று தனித்தனியே பார்க்கலாம்.

கேள்வி: 'புட் அப் வித்' என்பது பேச்சுவழக்கு, 'டாலரேட்' என்பது எழுத்துவழக்கு என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 'தொலெரார்' ஸ்பானியத்திலும் கனமான சொல்லா?

பதில்: இல்லை. ஆங்கிலத்தில் இலத்தீன் வழிச் சொற்கள் கற்றோர் சொற்களாக நுழைந்தன. ஸ்பானியமோ இலத்தீனிலிருந்தே பிறந்த மொழி. 'என்த்ரார்' குழந்தைகூடச் சொல்லும் சொல், 'தொலெரார்' செய்தித்தாளிலும் வீட்டுப் பேச்சிலும் வரும். சகிக்க முடியவில்லை என்ற சலிப்பு வேண்டுமானால் 'அகுவந்தார்' இன்னும் பொருந்தும். அதற்காக இலத்தீன் வழி வந்த எல்லாமே எளிமையானவை என்று எண்ணிவிட வேண்டாம்: தீயை அணைப்பதற்கு 'அபகார்' அன்றாடச் சொல், 'எக்ஸ்திங்கீர்' அறிக்கைக்கு உரியது.

கேள்வி: 'தே மேட் இட் அப்' என்று ஒரே வரி. முன்னும் பின்னும் எதுவும் இல்லை. அவர்கள் கட்டிச் சொன்னார்களா, சமாதானம் ஆனார்களா?

பதில்: இரண்டும் சாத்தியம்; பிரித்தானிய ஆங்கிலத்தில் இரண்டாவது பொருளும் இயல்பானதே. கதையைக் கட்டினார்கள் என்றால் 'சே லோ இன்வென்தாரோன்'. சண்டை தீர்ந்து சேர்ந்தார்கள் என்றால் 'இசியெரோன் லாஸ் பாசெஸ்' அல்லது 'சே ரெகொன்சிலியாரோன்'. இரு பொருளையும் ஒருங்கே தாங்கும் ஸ்பானிய வினை இல்லை, ஆகவே ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

தேர்வதற்கு முன் 'இட்' எதைச் சுட்டுகிறது என்று தேடுங்கள். மேலே ஒரு கூற்றோ செய்தியோ சாட்சியமோ இருந்தால் முதல் பொருள். இருவருக்கிடையே பிணக்கு இருந்தால் இரண்டாவது. உண்மையிலேயே ஒரு வரிதான் கிடைத்தது என்றால், பணியைக் கொடுத்தவரிடம் கேட்டு எழுதுங்கள். திரைப்படத்தின் அடிவரிகளிலும் மென்பொருளின் சிறுவாசகங்களிலும் சூழல் இல்லாத ஒற்றை வரிகள் அடிக்கடி வரும். 'செட் அப்' என்று மட்டும் ஒரு பொத்தானில் இருந்தால் அது 'கொன்ஃபிகுரார்' ஆகலாம், 'இன்ஸ்தலார்' ஆகலாம், 'கொன்ஃபிகுராசியோன்' என்ற பெயர்ச்சொல்லும் ஆகலாம். அந்தத் திரையின் படத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கேட்க வழியே இல்லாதபோது, இரண்டில் எது தவறானால் வாசகருக்குக் கேடு குறைவோ அதைத் தேர்ந்து, உங்கள் ஐயத்தைக் குறிப்பாக இணைத்து அனுப்புங்கள். ஒருவரைப் பொய்யர் என்று சொல்வதும் சமாதானமானவர் என்று சொல்வதும் ஒரே எடையுள்ள பிழைகள் அல்ல.